மாப்பிள்ளை வீட்டு சன் கன்யூர்

வானகரம் நாகம்மாளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. வேலப்பன்சாவடியில் சம்பந்தி வேம்புலியம்மாள் வீட்டு ஹாலில் மெரூன் கலரில் ஒரு சோபா கிடக்கிறது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அதில் ஒருமுறையாவது முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட வேண்டும்.

இதெல்லாம் ஒரு ஆசையா என்று கேட்பவர்கள் பெண்ணைக் கட்டிக்கொடுக்காதவர்கள். மகள் தேவிப்பிரியாவை அந்த வீட்டுப் பிள்ளை நிர்மலுக்குக் கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. நிர்மல் தங்கமான பையன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பூந்தமல்லி மண்டபத்தில் முகூர்த்தச் சாப்பாட்டின்போது வேம்புலியின் அண்ணன் இலையில் இரண்டாவது வடை விழவில்லை. அவ்வளவுதான். அதற்காக நாகம்மாள் பந்தி முடிகிற வரைக்கும் கைகட்டி நின்றாள். தன் இலைக்கு வந்து உட்கார்ந்தபோது ரசம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அன்றைக்கு வளைந்த முதுகு அதன்பிறகு நிமிரவே இல்லை. ஆடிக்கும் பொங்கலுக்கும் சீர்த்தட்டோடு போவாள். சோபாவின் விளிம்பில் தொற்றிக்கொண்டு உட்காருவாள். வேம்புலி ஹாலுக்குள் வந்தால் எழுந்து நிற்பாள். வேம்புலி உட்காரச் சொல்ல மறந்துவிட்டால் நின்றபடியே பேசிவிட்டு வீடு திரும்புவாள். வேம்புலிக்கு அந்த விஷயத்தில் மறதி ஜாஸ்தி.

இந்த ஆசைக்கு வழி விட்டது ஒரு பறவை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் மகன் அஜித்குமார் போனஸ் வாங்கிய கையோடு, பறவைக்கடை கோபியிடம் ஒரு சன் கன்யூர் வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் மாட்டினான். கிளி ஜாதிதான். ஆனால் நம்ம ஊர்ப் பச்சைக்கிளி இதன் பக்கத்தில் உட்கார்ந்தால் வாட்ச்மேன் மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் பழுத்த மஞ்சள், முகத்திலும் வயிற்றிலும் ஆரஞ்சு, இறக்கை ஓரத்தில் பச்சை, வால் நுனியில் கொஞ்சம் நீலம், கன்னங்கரேல் என்று மூக்கு. தென் அமெரிக்காவின் வடக்குப் பக்கத்தில், ஆற்றோரக் காடுகளில், பனைமரப் பொந்துகளில் கூட்டமாகக் குடியிருந்த ஜாதி. அழகாக இருந்ததுதான் அது செய்த தப்பு. பிடித்துப் பிடித்து விற்றதில் சொந்தக் காட்டில் அருகிப்போய்விட்டது. அம்பத்தூர், ஆவடி மொட்டைமாடிக் கூண்டுகளில் குஞ்சு பொரித்துப் பெருகிவிட்டது.

நாகம்மாள் அதற்குச் சிங்காரம் என்று பேர் வைத்தாள். ஆண் பேர் வைத்ததற்குக் காரணம் எதுவும் கிடையாது. வாயில் வந்தது, வைத்தாள். மல்லாக்கப் படுத்துத் தூங்கும். நிலக்கடலையைக் காலில் பிடித்து உரிக்கும். அவள் காதுக் கம்மலை இழுக்கும். எல்லாம் சரி, கத்தினால்தான் தாங்காது. அந்தக் கத்தலுக்கு பைபாஸில் போகிற லாரிகளே பரவாயில்லை என்று எதிர்வீட்டு அந்தோணிராஜ் ஒருநாள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

வேம்புலி ஒருமுறை வந்தவள் சிங்காரத்தைப் பார்த்தாள். அடுத்த வாரமே நிர்மலைக் கோபி கடைக்குத் துரத்தி, அதே ஜாதியில் ஒன்றை வாங்கி வரவைத்து, பிரின்ஸ் என்று பேர் வைத்தாள். அது வயசில் சின்னது. முதுகும் இறக்கையும் பச்சை, நடுநடுவே மஞ்சள் திட்டு. பழுத்தும் பழுக்காத மாங்காய் மாதிரி இருக்கும். கத்தல் மட்டும் பெரியதுக்குக் குறைவில்லை.

"அதுங்க கூட்டமா வாழற ஜாதிம்மா, ஒண்டியா வுட்டா கத்தத்தான் செய்யும்," என்றான் அஜித்குமார். "ரெண்டையும் ஒண்ணா சேத்துட்டா ரெண்டு ஊடும் நிம்மதியா தூங்கலாம்."

நல்ல யோசனைதான். ஆடிச்சீர் கொண்டு போன இடத்தில் தேவிப்பிரியா பேச்சை எடுத்தாள். சோடி சேர்க்கலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எது யார் வீட்டுக்குப் போவது என்பதில்தான் வந்தது வினை.

"பொண்ணு தானே மாப்ள ஊட்டுக்கு வரணும்?" என்றாள் வேம்புலி. "சிங்காரத்த இட்டாந்து வுட்ருங்க சம்மந்தி. எங்க ஊட்ல பொண்ணு எடுத்துத்தான் பழக்கம், குடுத்துப் பழக்கமில்ல."

சோபா விளிம்பில் இருந்த நாகம்மாளுக்கு உள்ளே ஏதோ சுரீர் என்றது. பிள்ளைதான் அவர்கள் வீட்டில், சரி. பறவையிலுமா?

"சிங்காரம் ஆம்பள, சம்மந்தி," என்றாள்.

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? கோழில எது மினுக்கும்? சேவலு. மயில்ல எது மினுக்கும்? ஆம்பள மயிலு. எங்க சிங்காரம் தகதகன்னு மின்னிக்கினு கீறான். உங்க பிரின்சு பச்சயும் மஞ்சளுமா மங்கிக்கினு கீது. இதுல இன்னா சந்தேகம்?"

வேம்புலியின் புருஷன் ஏகாம்பரம் ஒரு காலத்தில் சண்டைச்சேவல் வளர்த்தவர். வீட்டில் எந்த வழக்குக்கும் கடைசியில் வாயைத் திறந்து தீர்ப்புச் சொல்லுகிற ஆள். அவர் தொண்டையைச் செருமி, "சம்மந்தியம்மா சொல்றது கரெக்டு. சேவல்தான் மினுக்கும்," என்று சொல்லிவிட்டார்.

வேம்புலியின் முகம் சுண்டியது. நாகம்மாளுக்கு அப்போதே பாதி சோபா கிடைத்த மாதிரி இருந்தது.

அந்த ஜாதியின் சங்கதி வேறு. சன் கன்யூரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டை. பச்சை என்பது பெண்மை இல்லை, சின்ன வயசு. இறகு உதிர்ந்து முளைக்க முளைக்க மஞ்சள் ஏறும். இறகைப் பிடுங்கி லேபுக்கு அனுப்பினால்தான் ஆணா பெண்ணா என்று தெரியும். இதையெல்லாம் அஜித்குமார் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்து வைத்திருந்தான். வீடு திரும்பும் வழியில் அம்மாவிடம் சொல்லவும் செய்தான்.

"வாய மூடிக்கினு வா," என்றாள் நாகம்மாள். "லேபு கீபுன்னு அங்க போய் உளறின, சோறு கெடையாது."

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பெண் அழைப்பு என்று முடிவானது. விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று இரண்டு வார்த்தை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் எதுவும் விளையாட்டு இல்லை. பெரிய கூண்டும் முட்டையிட மரப்பெட்டியும் பெண் வீட்டுச் சீர். தினை, சூரியகாந்தி விதை, மக்காச்சோளம் எல்லாம் தட்டில் வர வேண்டும். முதல் ஈட்டுக் குஞ்சுகள் மாப்பிள்ளை வீட்டுக்கு. பிரின்ஸ் என்ற பேரை வேம்புலி பல்லைக் கடித்துக்கொண்டு பிரின்சி என்று மாற்றினாள். நாகம்மாள் அதற்காக ஒரு புதுப் புடவையே எடுத்துவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை காலையில் சிங்காரம் முட்டை விட்டது.

நாகம்மாள் கூண்டுத் தட்டைச் சுத்தம் பண்ணக் குனிந்தாள். மூலையில், காடை முட்டையைவிடச் சின்னதாக, வெள்ளை வெளேர் என்று கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு சிங்காரத்தைப் பார்த்தாள். அது தலையைச் சாய்த்து, பெரிய வேலை முடித்த களைப்பில் அவளைப் பார்த்தது.

"அடப்பாவி," என்றாள். "இன்னாடா பண்ணி வெச்சிக்கிற?"

கோழி சேவல் இல்லாமலே முட்டை விடுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முட்டையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். உளுத்தம்பருப்பு டப்பாவைத் திறந்து உள்ளே புதைத்தாள். மூடியை அழுத்தி மூடினாள். சாமி படத்தை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சாயங்காலம் இட்லிக்கு உளுந்து ஊறவைக்கப் போன அஜித்குமார் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தான்.

"இன்னாம்மா இது, உளுந்துல முட்ட?"

"பல்லி முட்ட."

"இம்மாம் பெரிய பல்லியா?"

அவன் முட்டையைப் பார்த்தான், கூண்டைப் பார்த்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிச்சது போதும், ஒண்ணு சொல்லு. இது ஒண்ணோட நிக்குமா?"

"நிக்காதும்மா. ஒரு நாள் வுட்டு ஒரு நாள் வுட்டுக்கினே இருக்கும். மூணு, நாலு."

நாகம்மாள் விரலை மடக்கினாள். புதன், வியாழன், வெள்ளி.

உடனே வேம்புலிக்குப் போன் போட்டாள். சிங்காரத்துக்கு ஜலதோஷம், மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தான் மட்டும் வந்து பெண்ணை அழைத்துப் போவதாகச் சொன்னாள்.

"அய்ய, நல்லாக்கீதே! மாப்ள இல்லாம பொண்ணு அழப்பா?" என்றாள் வேம்புலி. "எங்க நாத்தனா ஆவடிலேர்ந்து வருது. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சி. துணி போத்தி இட்டாந்துருங்க. ஜலதோஷத்துக்கு நான் ஓமம் வறுத்து வெக்கிறேன்."

வெள்ளிக்கிழமை அஜித்குமாரோடு ஷேர் ஆட்டோவில், மடியில் கூண்டு, கூண்டின் மேல் பட்டு அங்கவஸ்திரம். துணியை ஓரமாகத் தூக்கிப் பார்த்தாள். சிங்காரம் தண்டில் உட்காராமல் தட்டில் இறங்கி, வாலை ஆட்டிக்கொண்டு, ஒரு மாதிரியாகக் குந்தியிருந்தது. அவள் குனிந்து, "கொஞ்சம் பொறுத்துக்கடா நைனா, ஊட்டுக்குப் போய் வுட்டுக்கலாம்," என்று கெஞ்சினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் தள்ளி உட்கார்ந்தது.

வேம்புலி வாசலிலேயே நின்றிருந்தாள். அவளே ஆரத்தி சுற்றினாள். அவளே கூண்டைக் கைநீட்டி வாங்கினாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாகக் கையைக் கூப்பி, "வாங்க சம்மந்தி, உள்ள வாங்க, உக்காருங்க," என்றாள். மறதி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

நாகம்மாள் சோபாவில் உட்கார்ந்தாள். மெதுவாக, அவசரப்படாமல், முதுகைப் பின்னால் சாய்த்தாள். அடடா. விளிம்பில் உட்கார்ந்தே பழகியவளுக்கு அந்த சோபா இத்தனை ஆழம் என்பதே தெரியாது. கால் தரையைவிட்டு எழும்பியது. தலைக்கு நேர்மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அந்தக் காற்று முழுக்க வேம்புலி ஒருத்திக்கே போயிருக்கிறது. இலை போட்டபோது கேட்காமலே இரண்டாவது வடை விழுந்தது. அதைக் கடிக்கும்போது மட்டும் அவளுக்குக் கண்ணில் லேசாகத் தண்ணீர் வந்தது, சந்தோஷத்தில்தான். ஆனால் நிம்மதியாக மெல்ல முடிந்ததா? ஒரு கண் வடையில், ஒரு கண் கூண்டில்.

சாப்பாடு முடிந்தது. சீர்க் கூண்டை நடு ஹாலில் வைத்து இரண்டையும் உள்ளே விட்டார்கள். சண்டை போடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். பிரின்சி பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்து சிங்காரத்தின் கழுத்து இறகைக் கோதியது. எல்லோரும் சொக்கிப்போய்ப் பார்த்தார்கள். சிங்காரத்துக்கு அதெல்லாம் ஏறவில்லை. அது நேராக மரப்பெட்டிக்குள் புகுந்துவிட்டது.

"மாப்ளக்கி இன்னா அவசரம் பாரு!" என்றாள் ஆவடி நாத்தனார். ஹாலே சிரித்தது. நாகம்மாள் மட்டும் முருகா முருகா என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரின்சியும் பெட்டிக்குள் போயிற்று. கொஞ்ச நேரம் உள்ளே கரமுரா என்று சத்தம். பிறகு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து உடம்பை உதறிக்கொண்டன.

நிர்மல் செல்போன் வெளிச்சத்தைப் பெட்டிக்குள் அடித்தான்.

"அம்மா! முட்ட!"

அப்புறம் எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பின. சேவல்தான் மினுக்கும் என்று அந்த வீட்டிலேயே தீர்ப்பு ஆகியிருக்கிறது. முட்டை விட்டது மங்கலான பறவையாகத்தானே இருக்க முடியும்? எல்லோரும் பிரின்சியைப் பார்த்தார்கள்.

"நல்லாக்கீதுடியம்மா கத," என்று நாத்தனார் கன்னத்தில் கை வைத்தாள். "மாப்ள இப்பத்தான் வந்துக்கினு கீறாரு. பொண்ணு அதுக்குள்ள முட்டயோட நிக்குது!"

சிரிப்பு வெடித்தது. வேம்புலிக்கு முகம் கறுத்துப் போயிற்று. பறவைதானே என்று உதறிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சபை நடுவே பெண் வீடு என்று நின்றுவிட்டாள், இனி எப்படி உதறுவது? நாகம்மாளுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள். குரல் இறங்கியிருந்தது.

"சம்மந்தி, சாமி சத்தியமா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தப்பா நெனச்சிக்காதீங்க."

பூந்தமல்லி மண்டபத்தில் தான் நின்ற அதே நிற்பு. வளைந்த முதுகு, கட்டிய கை, எல்லாம் அச்சு அசல். நாகம்மாளுக்கு உடம்பெல்லாம் குளுகுளு என்று இருந்தது. இதை மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். முட்டை யாருடையது என்று தெரிந்துகொண்டே இன்னும் நன்றாகச் சாய்ந்தாள்.

"நீங்களே சொல்லுங்க சம்மந்தி," என்றாள் நிதானமாக. "நாலு பேரு கேட்டா நாங்க இன்னா பதில் சொல்றது?"

அதோடு நிறுத்தியிருந்தால் அவள் ஜெயித்து வீடு போயிருப்பாள். ஆனால் வேம்புலி தன் தலைமேல் விழுந்ததைத் தள்ளிவிட ஒரு இடம் தேடினாள். இடம் பக்கத்திலேயே இருந்தது. தேவிப்பிரியா காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"நான் இன்னா பண்ணுவேன்? பறவய பாத்துக்கினது, தீனி வெச்சது, கூண்ட தொறந்து வுட்டது எல்லாம் இவதான். கண்டது கடையதோட சேர வுட்டுட்டு நின்னுக்கினு கீறா பாரு."

"வளத்தவ கொணம் வளத்ததுக்கு வராம பூடுமா?" என்றாள் நாத்தனார், சிரித்துக்கொண்டே.

யாரோ களுக் என்று சிரித்தார்கள். நிர்மல், "அத்தே, சும்மாருங்க," என்றான், ஆனால் அது யார் காதிலும் ஏறவில்லை. தேவிப்பிரியா காபித் தட்டைக் கீழே வைத்தாள். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

நாகம்மாளுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. பெண் வீட்டின் மேல் எதைத் தூக்கிப் போட்டாலும் அது உருண்டு உருண்டு கடைசியில் ஒரு பெண்ணின் தலையில்தான் போய் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? அந்தத் தலை தன் மகளுடையதாக இருக்கும் என்றுதான் எண்ணிப் பார்க்கவில்லை. கையை ஊன்றி அந்த ஆழமான சோபாவிலிருந்து எழுந்தாள்.

"முட்ட வுட்டது எம் புள்ள!"

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஆமா, சிங்காரம்தான். புதங்கெழம ஒண்ணு வுட்டுச்சி. உளுந்து டப்பால மறச்சி வெச்சிக்கீறேன். நம்பலன்னா அஜித்த கேளுங்க. எங்களுதுதான் பொண்ணு. எம் பொண்ண யாரும் ஒரு வார்த்த பேசக்கூடாது."

கடைசியாகச் சொன்னது எந்தப் பெண்ணை என்று யாருக்கும் புரியாமல் இல்லை. நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். ஏகாம்பரம் தன் தீர்ப்பை நினைத்தோ என்னவோ எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அஜித்குமார் தலையைக் குனிந்துகொண்டான், தோள் மட்டும் குலுங்கியது.

வேம்புலி என்ன செய்தாள் என்கிறீர்கள்? மூச்சு வாங்கக்கூட நேரம் எடுக்கவில்லை. கட்டிய கையை அவிழ்த்து முந்தானையை இழுத்துச் செருகினாள். நாகம்மாள் எழுந்த இடத்தில், இன்னும் சூடு ஆறாத இடத்தில், உட்கார்ந்து சாய்ந்தாள்.

"அப்ப எங்க பிரின்சுதான் மாப்ள," என்றாள். "பொண்ணு இங்கயே இருக்கட்டும் சம்மந்தி. கூண்டும் பெட்டியும் நாங்க குடுத்தது, போனா போவுது. தினையாவது மாசாமாசம் அனுப்பி வெச்சிருங்க."

வெறும் கூண்டோடு நாகம்மாள் ஆட்டோ ஏறினாள். சிங்காரத்தின் மஞ்சள் இறகு ஒன்று கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. அஜித்குமார் சிரித்து முடித்துவிட்டு, "வுடும்மா, பறவதானே," என்றான்.

"எங்கிட்ட இருந்த ரெண்டு பொண்ணும் இப்ப அந்த ஊட்ல கீதுங்கடா," என்றாள் அவள். அவன் அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகை போயிற்று. வேம்புலி வாரம் தவறாமல் போன் செய்து, மாப்பிள்ளை கோவைப்பழம் கேட்கிறார், மாப்பிள்ளைக்கு மக்காச்சோளம் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாகம்மாள் பதில் பேசாமல் வாங்கி அனுப்பினாள். பிரின்சுக்கு இறகு உதிர்ந்து முளைத்து மஞ்சள் முழுக்க ஏறிவிட்டது என்றும், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாமல் காலில் கலர் வளையம் போட்டுவிட்டதாகவும் தேவிப்பிரியா சொன்னாள்.

மார்கழிக் கடைசியில் ஒரு மத்தியானம் தேவிப்பிரியாவிடமிருந்து போன். குரல் கிசுகிசு என்று இருந்தது.

"அம்மா, நான் பாத்ரூம்லேர்ந்து பேசறேன். பெட்டில எட்டு முட்ட இருந்திச்சிம்மா."

"எட்டா?"

பக்கத்தில் சோறு தின்றுகொண்டிருந்த அஜித்குமார் நிமிர்ந்தான். "ஒரு ஜோடிக்கு நாலு, மிஞ்சிப் போனா அஞ்சு. எட்டுன்னா ரெண்டும் வுட்டுக்கினு கீதும்மா. ரெண்டும் பொண்ணு. ரெண்டு பொட்டை ஜோடி சேந்தா அப்டித்தான், மாறி மாறி முட்ட வுட்டு ஒண்ணா அடகாக்கும். ஒண்ணும் பொரிக்காது."

"அதாம்மா," என்றாள் தேவிப்பிரியா. சிரிப்பை அடக்கியதில் குரல் கிறீச்சிட்டது. "பிரின்சு முட்ட வுட்டத அத்த கண்ணால பாத்துட்டாங்க. வெளிய சொல்லல. எட்டுல நாலு இப்ப பெட்டில இல்ல. அரிசி டின்ன தொடவே வுட மாட்டேங்கறாங்க. மூணு நாளா அவங்களே சோறு வடிக்கிறாங்கம்மா!"

நாகம்மாள் போனை வைத்தாள். அப்புறம் சிரித்தாள். ஆவணியிலிருந்து சேர்த்துவைத்த சிரிப்பு முழுக்க வந்தது. எதிர்வீட்டு அந்தோணிராஜ், பறவை போய்விட்டது என்றார்களே என்று எட்டிப் பார்த்தார்.

பொங்கலுக்கு முதல்நாள் கரும்பும் மஞ்சள்கொத்தும் புதுப்பானையுமாகச் சீர்த்தட்டோடு வேலப்பன்சாவடி போனாள். வேம்புலி சோபாவில் சாய்ந்திருந்தாள். நாகம்மாள் தட்டை வைத்தாள்.

"மாப்ளய பாக்கணும் சம்மந்தி."

"அது... பொண்ணு அடகாத்துக்கினு கீது. தொந்தரவு பண்ணக்கூடாது."

"ரெண்டுமே உள்ள கீதே?"

பெட்டி வாசலில் இரண்டு மஞ்சள் தலைகள் ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தன. ஒரே நிறம், ஒரே மூக்கு, ஒரே திமிர். யார் மாப்பிள்ளை வீடு, யார் பெண் வீடு என்ற கவலை அவற்றுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"இதுல எது மாப்ள?" என்றாள் நாகம்மாள். "நான் கேக்கறது பெட்டில கீறத பத்தித்தான். அரிசி டின்னுல கீறத பத்தி நான் ஒண்ணும் கேக்கல."

வேம்புலி மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். தேவிப்பிரியா கரும்பின் தோகையை ரொம்ப அக்கறையாக ஒடித்துக்கொண்டிருந்தாள். வேம்புலியின் முதுகு மெதுவாக சோபாவைவிட்டு நிமிர்ந்தது. பிறகு அவள் எழுந்து நின்றாள். தானாகவே கை கட்டிக்கொண்டது.

"ஆறு வருஷமா நான் நின்ன மாதிரியே நிக்கிறீங்க," என்றாள் நாகம்மாள். "வலிக்குதில்ல?"

வேம்புலிக்குக் கண் கலங்கிற்றா, கோபமா என்று சொல்ல முடியாது.

"உக்காருங்க சம்மந்தி. ரெண்டு பேருமே பொண்ணு ஊடுதான்."

"நீங்க மொதல்ல உக்காருங்க," என்றாள் வேம்புலி.

இரண்டு பேரும் நின்றார்கள். பெண் வீட்டுக்காரர்கள் முதலில் உட்கார மாட்டார்கள் அல்லவா. கடைசியில் தேவிப்பிரியா கரும்பைப் போட்டுவிட்டு வந்து நடுவில் பொத்தென்று உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்து உட்காரவைத்தாள். அந்த சோபாவில் அவளும் சாய்ந்து உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"தேவி, அம்மாவுக்கு காபி..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த வேம்புலி பாதியில் நிறுத்தினாள்.

மூன்று பெண் வீட்டுக்காரிகளும் ஹாலைச் சுற்றிப் பார்த்தார்கள். அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே மாப்பிள்ளை டிவி ரிமோட்டோடு வாசலில் நின்றிருந்தான்.

"எனக்கு சக்கர டப்பா எங்க கீதுன்னே தெரியாதே," என்றான் நிர்மல்.

"அரிசி டின்னு பக்கத்துல," என்றாள் நாகம்மாள். "பாத்து எடுங்க மாப்ள, உள்ள முட்ட கீது."

அவன் போய்ப் போட்டுக்கொண்டு வந்தான். சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தான், வாயில் வைக்க முடியவில்லை. மூன்று பேரும் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டு அதைக் கடைசிச் சொட்டுவரைக் குடித்தார்கள்.